வாயில் வெள்ளை

ஜெயஷீலா அக்காவின் நாக்கை அறுவை செய்து அவளைப் பிழைக்கவைக்க முடியுமா, இல்லை காலம் கடந்துவிட்டதா என்பதை அன்று சொல்லிவிடுவதாக இருந்தார்கள். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் அவளும் நானும் உட்கார்ந்திருந்தோம். புகையிலைதான் காரணம் என்று பார்த்த டாக்டர்கள் எல்லாம் சொன்னார்கள். சொல்லட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் நோயை முற்றவிட்டது புகையிலை இல்லை, ஒரு சொல். அதையும் தமிழில்தான் சொன்னார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

அக்கா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருக்கு மூத்தவர் ஆசீர்வாதம் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டவள். நாகலாபுரத்துப் பக்கம் எங்கள் ஊரில் மிளகாய்ப் பழம் எடுக்கப் போகிற பெண்களுக்கு அவள்தான் முன்னத்தி ஏர். வாய் என்றால் அப்படி ஒரு வாய். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகும் வேலையை நிறுத்தாத புஞ்சைக்காரர் சுந்தரபாண்டியனிடம், "அண்ணாச்சி, வத்தலோட சேத்து எங்களையும் காயப்போடணுமா?" என்று புஞ்சை நடுவில் நின்று கேட்டவள். அவர் சிரித்துவிட்டார், வேலையும் நின்றது. கோயிலில் சாமியார் பிரசங்கத்தை நீட்டினால் அவர் காதுபடவே கொட்டாவி விடுவாள். அந்த வாயின் இடது கன்னத்தில் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும் ஒதுங்கியிருக்கும்.

முந்தின வருசம் தவக்காலத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். ஒரு வகுப்பறையில் நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பக்கத்து அறையில் திரை கட்டி, பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்தார்கள். அந்த முழுப் பெயரைச் சொல்ல யாருக்கு நாக்கு வரும்? "வாய் டெஸ்டுக்கு இந்தப் பக்கம் வாங்க" என்றுதான் காலையிலிருந்து திரைக்குள் கூப்பிட்டார்கள். நாக்கைப் பார்த்த இடத்துக்கு நாங்களாகவே பல் டாக்டர் ரூம் என்று பெயர் வைத்துவிட்டோம். அக்கா இரண்டுக்கும் போனாள்.

கடைசியில் முகாம் நடத்த வந்திருந்த ஒரு பெண், கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்: "ஜெயஷீலாம்மா, உங்களுக்கு வாயில வெள்ளை இருக்கு. கோவில்பட்டிக்குப் போய்ச் சதை எடுத்துப் பாக்கணும். தள்ளிப்போடாதீங்க."

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வெள்ளை என்றால் ஒரே அர்த்தம்தான், வெள்ளைப்படுதல். வாய் என்பதோ அன்றைக்குத் திரைக்குள் பார்த்த வாய். சுற்றி ஆண்கள் நின்றார்கள். சுந்தரபாண்டியனையே கேட்டவள், அந்தப் பெண்ணிடம் எதிர்க்கேள்வி ஒன்று கேட்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏட்டி ஜீனா, அத்தனை ஆம்பளையளுக்கு முன்னால வெள்ளைன்னு சொல்லிட்டாவட்டி. மானமே போச்சு. எனக்கு அப்படி ஒண்ணும் படலையே!"

"அப்பம் போய் என்ன ஏதுன்னு கேளுக்கா."

"என்னத்தக் கேக்க? அங்கனயும் திரையைக் கட்டிப் படுக்கப்போட்டு, சதையை வெட்டுவாவ. உங்க அத்தானுக்குக்கூடத் தெரியக் கூடாது. மூச்சு விட்டுராத."

வெள்ளைக்குக் காரணம் உடம்புச் சூடு. எங்கள் ஊரில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா கற்றாழைச் சோற்றைக் கழுவி மோரில் கலக்கிக் குடித்தாள், வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றாள். கொஞ்ச நாளில் காரம் பட்டால் நாக்கு எரிய ஆரம்பித்தது. "உள்ள இருக்க சூடு மேல ஏறுதுட்டி" என்றாள். வாய்ப்புண்ணும் சூட்டில் வருவதுதானே? கணக்குச் சரியாகத்தான் இருந்தது. நானே மணத்தக்காளிக் கீரை ஆய்ந்து சமைத்துக் கொடுத்தேன். எரிச்சல் மரத்துப்போக அவள் புகையிலையைக் கூடுதலாக அதக்கினாள்.

மறு வருசம் மிளகாய் அறுவடை முடிகிற சமயம் இடது காது குத்தத் தொடங்கியது. காதுவலியில் மானம் போக ஒன்றுமில்லை, உடனே கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினாள். நானும் போனேன். டாக்டர் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தார். "சவ்வு நல்லா இருக்கு, சீழ் இல்ல. காதுல ஒண்ணுமில்ல" என்றார். எங்களுக்கு உயிர் வந்தது. அவர் விடவில்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்தார், உள்ளே ரத்தமில்லாமல் வெளிறிக் கிடந்தது. தாடைக்குக் கீழே தடவினார், தோலுக்கு அடியில் கல் மாதிரி ஒரு கட்டி, நகரவில்லை. "வாயைத் திறங்க" என்றார். பாதிதான் திறந்தது. நாக்கின் இடது ஓரத்தில் விளிம்பு தடித்த ஒரு புண், அதைச் சுற்றிக் கன்னம் வரைக்கும் வெள்ளைத் திட்டு.

"இந்த வெள்ளைப் படலத்தை இதுக்கு முன்னாடி யாரும் பாத்துச் சொல்லலையா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அவிய சொன்னது இந்த வாயா?" என்றாள்.

டாக்டருக்கு விளங்கவில்லை, எனக்கு விளங்கிவிட்டது. "நாக்குலன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொன்னா வாயில இருக்க முத்தா உதிர்ந்திரும்?" என்று அந்த இடத்திலேயே கத்தி அழுதேன். தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து அந்த மனிதர் திகைத்துப்போனார், பாவம்.

சதை எடுத்துப் பார்த்ததில் கேன்சர் என்று வந்தது. பாதி நாக்கை எடுத்தால் பிழைக்க வழியுண்டு, பரவாமல் இருந்தால். முதலில் அக்கா ஒரேயடியாக மறுத்தாள். "பேச்சு போனா பெறகு நான் என்ன ஜெயஷீலா?" என்றாள். ராத்திரியெல்லாம் வலியில் புரண்டவளுக்கு ஒரு வாரத்தில் மனசு மாறிவிட்டது. "அறுத்துட்டுப் போட்டும்ட்டி. நான் இருந்தாப் போதும்." அதனால்தான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, என் அக்காவின் நாக்கை வெட்ட முடியும் என்று சொல்லிவிட வேண்டும் என மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு வேண்டுதல் உண்டா?

என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நோய் நாக்கின் வேர் வரைக்கும் போய்விட்டது, கழுத்தில் ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டுவிட்டது, ஆபரேஷன் செய்ய முடியாது என்றார் டாக்டர். கதிர்வீச்சு, அதாவது கரண்ட் வைக்கலாம், வலி குறையும், அவ்வளவுதான் என்றார். நிறுத்தி, விவரமாக, நல்ல தமிழில் சொன்னார்.

வெளியே வந்தேன். அக்கா எழுந்து நின்றாள்.

"என்னட்டி சொன்னாவ?"

"ஒண்ணுமில்லக்கா, புண்ணு கொஞ்சம் பெருசா இருக்காம். மருந்துலயே..."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். குழறிப்போன நாக்கால் ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினாள். "ஏட்டி. நீயும் மூடி மூடிச் சொல்லாத."

சொன்னேன். ஒன்று விடாமல், டாக்டர் சொன்னபடியே சொன்னேன். அவள் அழவில்லை. வராந்தாவில் ஆணும் பெண்ணுமாக எத்தனையோ பேர் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் வாயை முடிந்தமட்டும் திறந்து, என் விரலைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"எங்கனன்னு தொட்டுக் காட்டு" என்றாள்.

தொட்டேன்.