‘அன்று’ படத்துக்கு ஒரு முகம்

எங்கள் சந்தில் முன்னுக்கு வந்தவர் யாரென்று பாட்டில் கழுவும் கொட்டகையில் கேட்டால் எல்லோரும் ஒரே ஆளைத்தான் சொல்வார்கள்: தக்கை. வயது இன்னும் இருபதைத் தொடவில்லை. பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளர் வேலை. நோயாளி வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பாள். கருவிகளைக் கழுவி உறையில் போட்டுச் சூட்டில் வைப்பாள். பல் அச்சுக்கு மாவு குழைப்பாள். பிறந்தபோதே எடையில்லாத பிள்ளை, அதனால் தக்கை. வெள்ளைக் கோட்டு போட்ட பிறகும் எங்களுக்கு அவள் தக்கைதான். “டாக்டரம்மா, எனக்கு இருக்கறதே நாலு பல்லு, அதையும் பிடுங்கிடுவியா?” என்று கொட்டகைப் பெண்கள் வம்புக்கு இழுத்தால், “வாயை மூடிக்கிட்டு இருந்தா பிடுங்க மாட்டேன்” என்பாள்.

நான் அந்தக் கொட்டகைக்கு வேன் ஓட்டுகிறவன். காலி பாட்டில்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவேன், கழுவியதைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். நடுவில் நடப்பதெல்லாம் பெண்களின் வேலை. சோடாக்காரம் கலந்த வெந்நீர்த் தொட்டியில் பாட்டிலை ஊறப் போட்டு, மழுங்கின கத்தியால் மேலே ஒட்டியிருக்கும் தாளைச் சுரண்ட வேண்டும். அந்தத் தண்ணீர் தாளை மட்டும் உரிப்பதில்லை. தக்கையின் அம்மாவுக்கு விரலில் ரேகையே கிடையாது. ஒருமுறை எதற்கோ கைநாட்டு வாங்க வந்தவன் திரும்பத் திரும்ப மையைத் தடவிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, வெறும் கறையா விழுது” என்று அலுத்துக்கொண்டான்.

தக்கையின் அப்பன் இரண்டாவது பெண் பிறந்த வாரம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன், இன்னும் திரும்பவில்லை. அந்தச் சமயத்தில்தான் அறக்கட்டளைக்காரர்கள் கொட்டகைக்கு வந்தார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளையை எடுத்துத் தங்கள் விடுதியில் வைத்துப் படிக்கவைப்பார்களாம். எந்தப் பிள்ளையை எடுக்கிறார்களோ அந்தப் பிள்ளையைப் படம் பிடிப்பார்கள். சந்தில் அது ஒரு சட்டம் மாதிரி ஆகிவிட்டது. படம் எடுத்தால் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எடுக்காத பிள்ளை தொட்டிக்குப் போகும்.

படக்காரர் வருகிற அன்று தக்கையின் அம்மா மகளைத் தோல் சிவக்கத் தேய்த்துக் குளிப்பாட்டி, இழுத்துப் பின்னி, எங்கோ இரவல் வாங்கின கவுனை மாட்டி நிறுத்தினாள். “சிரிடி, நல்லா சிரி” என்றாள். பிள்ளையும் வாயில் இருந்த பல், இல்லாத பல் எல்லாம் தெரியச் சிரித்தது. அப்படித்தான் விடுதிக்குப் போனாள், படித்தாள், வேலைக்கும் வந்தாள். அறக்கட்டளை செய்ததை நான் இல்லையென்று சொல்லவில்லை. செய்தார்கள். அதற்குப் பிறகு செய்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

வருஷா வருஷம் அவர்கள் ஒரு விருது விழா நடத்துவார்கள். கஷ்டத்தை வென்று எழுந்த இளைஞர்களுக்கு மாலை, கேடயம், கைதட்டல். அந்த வருஷம் தக்கையின் முறை. செய்தி வந்த அன்று அவள் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தக்கைக்குச் சந்தோஷம் வேறு காரணத்துக்காக. மேடையில் விருது கொடுத்து முடித்ததும் தலைவர், “உனக்கு வேற என்னம்மா வேணும்?” என்று கேட்பது அங்கே வழக்கம். “உங்க வாழ்த்து போதும்யா” என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருப்பார்கள். ஆனால் முந்தின வருஷம் ஒரு பையன் துணிந்து தன் தம்பிக்கு இடம் கேட்டானாம், அத்தனை பேர் முன்னால் தலைவரால் மறுக்க முடியவில்லையாம்.

தக்கைக்குத் தங்கைதான் உயிர். அந்தச் சின்னவளுக்குப் பத்து வயது முடியப் போகிறது. இன்னும் ஒரு வருஷம் போனால் விடுதியில் எடுக்க மாட்டார்கள். அவளோ பள்ளிக்கூடம் பாதி, தொட்டி பாதி என்று ஆகியிருந்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து, நகம் காகிதமாய் வளைந்துகொண்டிருந்தது. “இவ கை அம்மா கை மாதிரி ஆகறதுக்குள்ள எடுத்துடணும், மாமா” என்று தக்கை என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறாள். அவளுக்கு விருதும் வேண்டாம், கேடயமும் வேண்டாம். அந்த ஒரு கேள்வி வந்தால் போதும்.

விழாவுக்கு முன்னால், விருது வாங்குகிறவர்களைப் பற்றி ஒரு படம் தயாரிக்க வந்தார்கள். திட்ட அதிகாரி அம்மாள் ஒருவர், அவரை எல்லோரும் மேடம் என்பார்கள். கூட ஒரு படக்காரர். ‘அன்று’, ‘இன்று’ என்று இரண்டு முகம் காட்டுவார்களாம். ‘இன்று’ தயார்: வெள்ளைக் கோட்டில் தக்கை. ‘அன்று’ என்று பெட்டியிலிருந்து எடுத்தால், பின்னலும் கவுனுமாய் ஒரு குழந்தை ஈயென்று சிரிக்கிறது.

படக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “இதுல கஷ்டமே இல்லையே, மேடம். பணக்கார வீட்டுப் பிள்ளை பிறந்தநாள் கொண்டாடற மாதிரி இருக்கு.”

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் தொட்டியிலிருந்து எழுந்து வந்தாள். பாவாடை நனைந்து, தலை கலைந்து, கன்னத்தில் ஈரத்தாள் ஒட்டிக்கொண்டு. அச்சு அசல் அக்கா முகம். மேடமும் படக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வேனில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

“பாப்பா, இங்க வா. இந்தப் பாட்டிலைப் பிடி. கையை நல்லா காட்டு.”

அம்மாக்காரி பதறிப்போனாள். “ஐயோ, இருங்க சார், முகம் கழுவிட்டு வரட்டும். தலை சீவி விடறேன்.”

“வேணாம்மா, இப்படியே இருக்கட்டும். பாப்பா, சிரிக்காதே. சிரிக்காதேன்னு சொல்றேன்ல?”

சின்னவளால் எப்படிச் சிரிக்காமல் இருக்க முடியும்? படம் எடுக்கிறார்கள் என்றால் இடம் கிடைத்துவிட்டது என்றல்லவா எங்கள் சந்தில் அர்த்தம்! கடைசியில் மேடம் ஓர் அதட்டுப் போட்டார். பிள்ளையின் கண்ணில் தண்ணீர் கட்டியது. “அவ்வளவுதான், அருமை” என்றார் படக்காரர்.

அவர்கள் வண்டி திரும்புவதற்குள் கொட்டகை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சின்னவள் தன் கத்தியைப் பக்கத்துப் பெண்ணிடம் தானம் கொடுத்தாள். அம்மாக்காரி முதலாளியிடம் போய், அடுத்த மாதத்திலிருந்து சின்னவள் வரமாட்டாள் என்றே சொல்லிவிட்டாள். சாயங்காலம் தக்கைக்குத் தெரிந்ததும் மேடத்துக்குப் போன் போட்டாள். “தங்கச்சியைப் படம் எடுத்தீங்களாமே, மேடம்...” என்று இழுத்தாள். “எல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீ மேடையில அழகா பேசு” என்றார் மேடம். தக்கை போனை வைத்துவிட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான்தான் வேனைக் கழுவி அவர்களைக் கூட்டிப்போனேன். தக்கையை மேடைக்கு அழைத்துக்கொண்டார்கள். எங்களுக்குக் கடைசிக்கு முந்தின வரிசை. சின்னவளுக்குப் புதுச் செருப்பு. காலை ஆட்டி ஆட்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விளக்கு அணைந்தது. திரை முழுக்க அவள் முகம். கலங்கின கண், வெளுத்த விரல். கனத்த குரல் ஒன்று சொன்னது: “இதோ, அன்று. இந்தச் சிறுமியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாம் பார்த்தோம். இன்று இந்தச் சிறுமி இல்லை!” அடுத்த நொடி வெள்ளைக் கோட்டில் தக்கை. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

சின்னவள் நாற்காலிமேல் ஏறிவிட்டாள். “அம்மா, நான்! அது நான்!”

எங்களுக்கு முன் வரிசையில் இருந்த அம்மாள் திரும்பி, “உட்காரும்மா. அது மேடையில இருக்கற அக்காவோட சின்ன வயசுப் படம்” என்றார், அன்பாகத்தான்.

“இல்ல, அது நான்தான். அன்னைக்கு எடுத்தாங்க.”

“ஆசையைப் பாரு!” என்று அந்த அம்மாள் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

மேடையில் தக்கை முகத்தில் ஈயாடவில்லை. கேடயத்தை வாங்கிக்கொண்டாள். தலைவர் ஒலிபெருக்கியை நீட்டி, “வேற என்னம்மா வேணும்?” என்று கேட்டார். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, படத்துல காட்டினது நான் இல்ல. என் தங்கச்சி. போன வாரம் எடுத்தது. அதோ உட்கார்ந்திருக்கா. அவ இன்னும் அப்படியேதான் இருக்கா. அவளை எடுத்துக்கங்கய்யா.”

தலைவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஓடிவந்து தக்கையின் தோளை அணைத்து, ஒலிபெருக்கியை மெல்லப் பிடுங்கிக்கொண்டார். “பழசையெல்லாம் நினைச்சு ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டா. ஒரு பெரிய கைதட்டல் கொடுங்க!” கொடுத்தார்கள். பாட்டும் போட்டார்கள். முன் வரிசை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அரங்கத்துக்குப் பின்னால், காலி நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்த இடத்தில், மேடம் எங்களை நிற்கவைத்துப் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

“இவளை எப்படிம்மா சேர்க்கறது? இந்த முகத்தை இன்னைக்கு ஊரே பாத்திருக்கு. நாளைக்கு அதே முகத்தை விடுதியில பாத்தா உதவி செய்யறவங்க என்ன நினைப்பாங்க? எங்க மத்த பிள்ளைங்க சாப்பாடு என்னாகும்?” பிறகு தக்கையிடம், “உன் டாக்டர் எங்க கமிட்டியில இருக்கார். அந்த வேலையும் எங்களாலதான் கிடைச்சது. இன்னொரு தடவை இந்தப் பேச்சு வந்தா அது உனக்கு நல்லதில்ல. உன் சம்பளத்துலதானே வீடு ஓடுது?” என்றார். போகும்போது சின்னவளின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அந்தக் கையை முறிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. முறிக்கவில்லை.

வேனில் பாதி வழியில் அம்மாக்காரி தக்கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “அன்னைக்கு உன்னைக் குளிப்பாட்டாமலே படத்துக்கு நிறுத்தியிருக்கணும்டி. பாவி நான், தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிப்பாட்டினேனே!” தக்கை அவள் வாயைப் பொத்தினாள்.

மறுநாள் சின்னவள் தொட்டிக்குத் திரும்பினாள். பக்கத்துப் பெண் கத்தியைத் திருப்பிக் கொடுத்தாள். கேலி செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. அதற்குள் அறக்கட்டளை அந்த இரண்டு முகங்களையும் பெரிய தாளில் அச்சடித்து டாக்டரின் காத்திருப்பு அறையில் மாட்டிவிட்டது. பல்வலியோடு வருகிறவர்கள் படத்தையும் தக்கையையும் மாறி மாறிப் பார்த்து, “எப்படி இருந்த பொண்ணு, எப்படி ஆயிட்டா!” என்பார்கள். “தேங்க்ஸ்” என்று அவள் சொல்லியாக வேண்டும். சந்துக்கு வந்தாலும் அவள் இப்போது வாய் கொடுப்பதில்லை. பெண்களும் அவளைச் சீண்டுவதை விட்டுவிட்டார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் விரிசல் விட்ட பாட்டில் ஒன்று சின்னவளின் கையிலேயே உடைந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் நிற்கவில்லை. அம்மாவுக்கு முழங்கை வரை காரத் தண்ணீர், அந்தக் கையோடு காயத்தைத் தொட முடியாது. நான்தான் பிள்ளையைத் தூக்கி வேனில் போட்டேன். “அக்காகிட்ட போலாம், மாமா” என்றாள். எனக்கும் வேறு இடம் தோன்றவில்லை.

காத்திருப்பு அறை நிறைய ஆட்கள். தக்கை ஓடிவந்து கையைப் பிடித்தாள். பின்னாலேயே டாக்டர் வந்தார். பிள்ளையைப் பார்த்தார், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்களும் பார்த்தார்கள்.

“யாரும்மா இது?” என்று கேட்டார்.

தக்கை தங்கையின் கையை விடவில்லை. ஆனால் நிமிரவும் இல்லை. “பக்கத்து வீட்டுப் பொண்ணு, சார்.”

டாக்டர் விடவில்லை. குனிந்து, “பாப்பா, உனக்கு அக்கா இருக்காங்களா?” என்று பிள்ளையிடமே கேட்டார்.

சின்னவள் தக்கையை ஒருமுறை பார்த்தாள். “இல்லீங்க. நானும் அம்மாவும்தான்” என்றாள்.

தையல் போட்டார்கள். தக்கைதான் பஞ்சால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். சின்னவள் அழவே இல்லை. வேனில் ஏறி, கதவைச் சாத்தி, தெருமுனை திரும்பின பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“நான் சரியா சொன்னேனா, மாமா?”

“சரியா சொன்னே” என்றேன்.