அஞ்சு ஸ்டார் தமிழ்வாணன்

கடப்பாக்கத்தில் இறங்கி, 'அஞ்சு ஸ்டார் வூடு எது?' என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். கையைக் காட்டிவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வீட்டுக்கு இல்லை, வீட்டுக்காரனுக்கு.

தமிழ்வாணனும் நானும் செய்யூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் அப்பா முனிசாமி வேர்க்கடலையும் சவுக்கும் வைத்துப் பிழைத்தவர். யாருக்கும் தலையைக் குனியாத மனிதர். என் அப்பா அவர் கொல்லையில் கூலிக்குப் போனவர். நான் இப்போது லோடு ஆட்டோ வைத்துக்கொண்டு வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறேன். தமிழ்வாணன் சவுக்குத் தோப்பை விற்றுக் கழிமுகத்தைப் பார்த்தபடி மாடி வீடு கட்டினான். மாடியில் நின்றால் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர் தெரியும். முதலில் வாசலில் 'முனிசாமி இல்லம்' என்றுதான் எழுதியிருந்தான். போனில் தங்குமிடம் பிடிக்கிற ஆப் ஒன்றில் போட்டு நாள் வாடகைக்கு விட ஆரம்பித்ததும் அப்பா பெயரின் மேல் வெள்ளையடித்துவிட்டு 'ஸீ பிரீஸ் ஹேவன்' என்று எழுத வைத்தான். அன்றைக்கே அவன்மேல் எனக்கிருந்த மரியாதையில் பாதி போய்விட்டது.

அந்த ஆப்பில் ஒரு ஏற்பாடு உண்டு. தங்கிவிட்டுப் போகிறவர்கள் வீட்டுக்காரனுக்கு ஸ்டார் போட்டு நாலு வரி எழுதுவார்கள். வீட்டுக்காரனும் அவர்களுக்கு எழுதுவான். இரண்டு பேரும் எழுதி முடிக்கும்வரை ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படாது. பயப்படாமல் உண்மையைச் சொல்லட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். வருகிறவன் யோக்கியனா என்று அடுத்த வீட்டுக்காரனுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான் விஷயம். நல்ல ஏற்பாடு. ஆனால் முதுகெலும்பு இல்லாதவன் கையில் எதைக் கொடுத்து என்ன?

தமிழ்வாணன் அதை மொய் எழுதுகிற மேஜை என்று நினைத்துவிட்டான். நான் உனக்குச் செய்தால் நீ எனக்குச் செய். விருந்தாளிகள் காரில் ஏறும்போது கேட் அருகே போய் நிற்பான். போனைத் திருப்பி அவர்கள் முகத்துக்கு நேராகக் காட்டி, அஞ்சு ஸ்டாரை அழுத்துவான். "போட்டுட்டேன் சார். நீங்களும் வண்டி கெளம்பறதுக்குள்ள போட்டுட்டீங்கன்னா..." என்று முப்பத்திரண்டு பல்லையும் காட்டுவான். எழுதுவதும் எல்லோருக்கும் ஒரே பாட்டுதான்: 'தங்கமான மனிதர்கள். வீட்டைத் தங்கள் வீடு போல நினைத்தார்கள். எல்லோரும் நம்பி இடம் கொடுக்கலாம்.' மெத்தையில் வாந்தி எடுத்துவிட்டுப் போனவனும் தங்கம். கழிப்பறைக் கதவை உடைத்தவனும் தங்கம்.

ஆப்பில் தமிழ்வாணன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பதக்கப் படம் வரும். சிறந்த வீட்டுக்காரராம். ஸ்டார் குறைந்தால் பதக்கம் போய்விடும். அந்தப் படத்துக்காக அவன் செய்யாத கூத்து இல்லை. யாரோ ஒரு மகராசி, காக்கைச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று ஒரு ஸ்டாரைக் குறைத்துவிட்டாள். மறுநாள் காலையில் தமிழ்வாணன் மொட்டை மாடியில் நின்று காக்கைகளுக்குப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தான். இன்னொருவனுக்குக் கருவாட்டு நாற்றம் பிடிக்கவில்லை. இவன் நேராக மீனவத் தெருவுக்குப் போய், கருவாட்டை வேறு பக்கம் காயவைக்கச் சொன்னான். அங்கிருந்த பெண்கள் விரட்டிய விரட்டில் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தான். அவன் மனைவி அம்சா என்னிடம் சொன்னாள், "இந்த ஆளு கூட குடும்பம் நடத்தறதுக்கு நானும் கெஸ்ட்டா வந்து தங்கிகிலாம்ணா. மரியாதயாவது கெடைக்கும்."

இதுவரை எல்லாம் சிரிப்புதான்.

அந்த வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவள் எங்கள் தெரு சந்திரம்மா. ஒருநாள் சென்னையிலிருந்து நாலைந்து ஆண்கள் வந்தார்கள். ஒரே கம்பெனிக்காரர்கள். ரமேஷ் என்று ஒருவன்தான் தலைவன். நாற்பது வயது இருக்கும், வாயைத் திறந்தால் ப்ளீஸும் தேங்க்யூவும்தான். சந்திரம்மா மீன் வறுத்துக்கொண்டிருந்தபோது அவன் கிளாஸோடு சமையலறைக்கு வந்து, நீயும் வந்து உட்கார் என்று அவள் கையைப் பிடித்திருக்கிறான். பிடித்தவன் விடவில்லை. வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழிக்கும்வரை விடவில்லை.

மறுநாள் காலை நான் கேன் இறக்கும்போது அவள் கையில் துணி சுற்றிக்கொண்டு கேட் அருகே நின்றிருந்தாள். தமிழ்வாணனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, "இவனுக்கு இன்னாண்ணா எழுதப்போற?" என்று கேட்டாள்.

"இன்னாம்மா நீ, தண்ணி போட்டா அப்டி இப்டித்தான் இருப்பாங்க. காலைல அவரே சாரி சொல்லிட்டாரு. இதப்போய் பேஜாரு பண்ணிகினு..."

"உன்னாண்ட சாரி சொன்னான். கையப் புடிச்சது என்னை."

"டேய் தமிழு, அவன் எழுதறவரிக்கும் உன்னுது அவனுக்குத் தெரியாதுடா. உண்மையை எழுது. அடுத்த வூட்டுப் பொம்பளையாவது தப்பிச்சுக்கும்" என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும் பெஞ்சமினு? நான் ஒருத்தன குறை சொல்லி எழுதினா, அடுத்து வர்றவன் அதப் படிப்பான். இவன் குறை சொல்ற ஆளுன்னு வேற வூட்டுக்குப் போயிடுவான். அடுத்த வூட்டுக்காரன் கதைய அவனே பாத்துக்கட்டும்."

அதற்குள் ரமேஷ் பெட்டியோடு வந்தான். தமிழ்வாணன் போனைத் திருப்பினான். அஞ்சு ஸ்டார், தங்கமான மனிதர்கள், நம்பி இடம் கொடுக்கலாம். சந்திரம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த, ஹேவன் என்று பெயர் போட்ட சமையல் துணியை அவிழ்த்துக் கேட்டில் தொங்கவிட்டுவிட்டு நடந்தாள். திரும்ப அந்தப் பக்கம் வரவே இல்லை.

தமிழ்வாணனுக்கு ஒரே தங்கை, ஜோதிலட்சுமி. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின் தெருவில் வீடு. அண்ணனைப் பார்த்து அவளும் மாடி அறைகளை ஆப்பில் போட்டிருந்தாள். ஆனால் அவள் ஜாக்கிரதைக்காரி. வயசுப்பெண் காயத்ரி வீட்டில் இருக்கிறாள், புருஷனுக்கோ ஷிப்ட் வேலை. அதனால் குடும்பமாக வருகிறவர்களுக்கு மட்டும்தான் விடுவாள். வெறும் ஆண்களாக வந்தால் முடியாது என்று தட்டிவிடுவாள்.

கொஞ்ச மாதம் கழித்து அதே ரமேஷ் கும்பல் அவளிடம் இடம் கேட்டது. தட்டிவிடத்தான் போனாள். போகிற போக்கில், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாள். கூடப் பிறந்த அண்ணன் எழுதியிருந்தான். நம்பி இடம் கொடுக்கலாம். கொடுத்தாள்.

சாயங்காலம் போர்வை கொடுக்க மாடிக்குப் போன காயத்ரியின் கையை ரமேஷ் பிடித்தான். அந்தப் பெண் போட்ட கூச்சலில் ஜோதிலட்சுமி துடைப்பத்தோடு மேலே ஓட, தெரு முழுக்கத் திரண்டு வந்து அந்தக் கும்பலைப் பெட்டியோடு ரோட்டில் தள்ளியது. போலீஸில் புகாரும் கொடுத்தார்கள்.

ஜோதிலட்சுமி போன் செய்தபோது நான் தமிழ்வாணன் வீட்டில் கேனை மாட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான், அது அவன் பழக்கம். அவள் அழவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள். "நீ எழுதினதப் பாத்துட்டுத்தான் அண்ணா சரின்னேன்" என்று முடித்தாள்.

தமிழ்வாணன் முகம் வெளுத்தது. ஆள் உடைந்துவிட்டான், இனியாவது மனிதனாவான் என்று நினைத்தேன். அவன் கேட்டான்:

"அவங்க உனக்கு ரிவ்யூ போட்டுட்டாங்களா?"

அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது. அம்சா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். "நம்ம பேரும் அதுல வந்துடக் கூடாதுல்ல, அதுக்குத்தான் கேட்டேன்" என்று அவன் என்னைப் பார்த்தான். எனக்கு அவன் முகத்தில் காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

அடுத்த தை மாதம் காயத்ரிக்கு நிச்சயதார்த்தம். அண்ணனை மட்டும் கூப்பிடவில்லை. தமிழ்வாணன் அசரவில்லை. "தாய்மாமன் மாலை போடாம எப்டி நடக்கும்? நான் போய் நின்னா எல்லாம் சரியாயிடும்" என்றான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு முதல் மாலை தாய்மாமன் கையால்தான். அம்சா அவனோடு வரமாட்டேன் என்று முதல் நாளே பஸ் ஏறிப் போய்விட்டாள். சீர்த் தட்டுகளையும் ரோஜா மாலையையும் என் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். அவனுக்காக நான் போகவில்லை. நடப்பதை என் கண்ணால் பார்க்கப் போனேன்.

நாங்கள் பந்தலுக்குள் நுழைந்தபோது, அம்சா பக்கத்தில் நிற்க, காயத்ரி மணையில் இருந்தாள். மாமனைப் பார்த்தாள். மணைக்குப் பக்கத்தில் தாம்பாளத்தில் இருந்த மாலையைத் தானே எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

ஜோதிலட்சுமி எழுந்து வந்தாள். பிறந்ததிலிருந்து அண்ணனை வா, போ என்றே பேசிப் பழகியவள். கைகூப்பி, "வாங்க சார்" என்றாள்.

"ஜோதி..."

"இத உங்க வூடு மாதிரி நெனச்சுக்குங்க சார். அங்க பந்தி கீது, உக்காந்து சாப்டுங்க. போகும்போது மறக்காம அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போங்க."

ரோஜா மாலையோடு நின்ற அவன் கை கீழே இறங்கியது. மானமுள்ளவன் அப்படியே திரும்பியிருப்பான். இவன் பந்தியில் உட்கார்ந்தான். பாயசம்வரை சாப்பிட்டான்.

திரும்பும் வழியில் மாலை அவன் மடியில் கிடந்தது. கண்ணைத் துடைத்த மாதிரிகூட இருந்தது. எனக்கே கொஞ்சம் பாவமாகப் போய்விட்டது. அப்போது அவன் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல், நாங்கள் ஆறு பேர், எல்லாம் பசங்கதான், பரவாயில்லையா என்று கேட்டது.

தமிழ்வாணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தாராளமா வாங்க சார், வாங்க" என்றான். அந்தப் பல்லெல்லாம் திரும்ப வெளியே வந்துவிட்டன.

நான் வண்டியை ஓரம் கட்டினேன். "எறங்குடா" என்றேன். சீர்த் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ரோட்டோரம் வைத்தேன். அவன் இறங்கினான். ஒரு கையில் மாலை, ஒரு கையில் போன். நான் வண்டியைக் கிளப்பும்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தான்.