குப்புறப் படுத்த ஸ்கேனர்

கோபிநத்தத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் மாரிசாமி. தொண்ணூற்றெட்டில் மைசூரில் ஒரு சுவடி நிலையத்தில் வேலை கிடைத்தது. பழைய ஓலைகளை ஸ்கேன் செய்து சிடியில் ஏற்ற வேண்டும். "ஓலையைப் போட்டோ புடிக்கவா இத்தனை படிப்பு?" என்று ஊரில் கேலி செய்வார்கள். அவனுக்கு அதிலும் பெருமைதான்.

ஊர்க் கோயிலிலும் ஓர் ஓலைக் கட்டு இருந்தது. ஊர்ச்சாமி மாதேஸ்வரன் மேல் பாடிய பாட்டு. பூச்சி அரித்து, தொட்டால் உதிர்ந்தது. இன்னொரு மழைக்காலம் தாங்காது. கோயில் வாசலைத் தாண்டாத அந்தக் கட்டைக் கொண்டுவர, பூசாரி சென்னப்பனைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தான். அவரும் விரதமிருந்து, மஞ்சள் துணியில் சுற்றி, மடியை விட்டு இறக்காமல் பஸ்ஸில் மைசூர் வந்து சேர்ந்தார்.

மாரிசாமி முதல் ஓலையை எடுத்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடியில் வைத்தான். அவ்வளவுதான்.

"அடேய்! சாமியைக் குப்புறப் போடறயா? எழவு வூட்லதான்டா சாமி படத்தைத் திருப்பி வெப்பாங்க!"

"மாமா, வெளிச்சம் அடியில இருக்குதுங்…"

"படிச்சவன்னு நம்பி வந்தேன் பாரு, என்னையச் சொல்லோணும்!"

அவர் கட்டைச் சுற்றத் தொடங்கினார். ஊர் திரும்பக் கொள்ளேகால் பஸ் எப்போது என்று கேட்டார். தினமும் ஓலைகளைக் கவிழ்த்துக் கவிழ்த்து, அவை யாருக்கோ சாமி என்பதே மாரிசாமிக்கு மறந்து போயிருந்தது.

அறைப் பொறுப்பாளர் வைஷாலி அக்கா எழுந்து வந்தார். மைசூரிலேயே வளர்ந்தவர், இயந்திரத்தில் தூசி பட்டாலே திட்டுகிறவர்.

"ஸ்வல்ப… கொஞ்சம் இருங்க பூசாரியாரே. சாமி ஏன் கவுழணும்? இந்தப் பெட்டிக்கு என்ன மானமா, மரியாதையா? இது கவுழட்டும்."

ஸ்கேனரின் மூடியைக் கழற்றினார். மேசையில் துணி விரித்து, பூசாரியின் கையாலேயே ஓலையை முகம் மேலே பார்க்க வைக்கச் சொன்னார். கண்ணாடி ஓலையில் படாதபடி இருபுறமும் மர ஸ்கேலை முட்டுக்கொடுத்து, ஸ்கேனரை அதன்மேல் கவிழ்த்தார்.

"ஒடஞ்சா என்னக்கா பண்றது?"

"என் தலையில போட்டுக்கறேன். நீ க்ளிக் பண்ணு."

வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. பூச்சித் துளைகளோடு சேர்ந்து எழுத்துகள் திரையில் துலங்கின. பூசாரி திரையைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு வந்தது.

"இப்பச் சரி. உங்க பெட்டியே எங்கப்பன் கால்ல உளுந்து கும்புடுது!"

கட்டு முழுவதும் அப்படியே சிடியில் ஏறி, ஊர் திரும்பியது. அந்த ஐப்பசியில் கோயில் கூரை ஒழுகி, ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. பாட்டு போகவில்லை. சிடியிலிருந்து எடுத்த காகிதப் பிரதியை வைத்துத் திருவிழாவில் பூசாரி முழுசாகப் பாடினார். ஊர் மாரிசாமிக்கு மாலை போட்டது.

மறுநாள் அவன் அந்த மாலையை மைசூருக்குக் கொண்டுபோய் வைஷாலி அக்காவிடம் நீட்டினான். "இது உங்களுக்குச் சேர வேண்டியதுங்க்கா."

அவர் வாங்கி ஸ்கேனரின்மேல் போட்டார். "விழுந்து கும்புட்டது இதுதானே?" என்றவர், ஒரு பூவை மட்டும் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டார்.