செத்துப்போன மெஷினும் மும்தாஜ் அக்காவின் ஜன்னலும்

போன வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்தினேன்.

ஒன்றுமில்லை.

ஃபேன் சுற்றவில்லை. பட்டனில் விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினேன். விரலை எடுக்காமல் பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்தேன். அப்புறம் – சிரிக்காதீர்கள் – மெதுவாகத் தடவிக்கூடக் கொடுத்தேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்த மெஷினைத் தெரியும். சென்னைக்கு மூன்று தடவை ரயிலேறிப் போய், ப்ராசஸர் ஒரு கடையில், மதர்போர்டு ஒரு கடையில், கிராபிக்ஸ் கார்டு இன்னொரு கடையில் என்று பொறுக்கி எடுத்து வந்து, பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு அறையில் நானே உட்கார்ந்து பூட்டியது. கட்டப்போகும் வீட்டுக்குள் ஆட்களை முன்கூட்டியே திரையில் நடத்திக் காட்டுவது என் தொழில். எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர் ஒரு தேசத்தில் இருப்பார், வீடு இன்னொரு தேசத்தில் எழும்பும். அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை.

அன்றைக்கு மூன்று மணிக்கு பாரூக் பாய் வருவதாக இருந்தது. குவைத்தில் லாரி ஓட்டுகிறார். லீவு முடிந்து மறுநாள் விடிகாலை திருச்சியில் ஃப்ளைட். திங்கட்கிழமை கொத்தனார் அடுப்படிச் சுவரை எழுப்புகிறார்.

"பேப்பர்ல எல்லாம் கோடு கோடா இருக்கு தம்பி, எனக்கு ஒண்ணும் விளங்கல. படமாக் காட்டுங்க, பாத்துட்டுக் கெளம்புறேன்" என்று சொல்லியிருந்தார்.

பிளான் அவருடைய அண்ணன் போட்டது. அடுப்படி தெருப் பக்கத்து மூலையில். ஆனால் தெருவைப் பார்த்த சுவரில் ஜன்னல் கிடையாது. 'போறவன் வர்றவன் பாப்பான்' என்று அண்ணன் தீர்த்துவிட்டார். உச்சியில் ஒரு வெண்டிலேட்டர், அவ்வளவுதான். பாயின் மனைவி மும்தாஜ் அக்கா எனக்குத் தனியாக போன் செய்தார்.

"நாள் பூரா நான்தானே தம்பி அங்க நிக்கப் போறேன்? கேட்டுக்கு யாரு வர்றாங்கன்னாவது தெரிய வேணாமா? ஒரே ஒரு ஜன்னல் வச்சுக் காட்டுங்க. அவங்க குவைத் போயிட்டாங்கன்னா, அவங்க அண்ணன் போன்ல சொல்றதுதான் வீடு. இருக்கறப்பவே கண்ணுல காட்டிப்புடுங்க."

அந்த ஜன்னல் இப்போது என் செத்த மெஷினுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

டேபிள் ஃபேனை அதே பிளக்கில் மாட்டினேன். ஓடியது. கேபிளை மாற்றினேன். பலனில்லை. பவர் சப்ளையைத் தனியே எடுத்து, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தேன் – இது மெஷின் பூட்டுகிற எங்கள் கூட்டத்தின் பழைய சோதனை, நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். அதன் ஃபேன் ஜம்மென்று சுற்றியது. கரண்ட் நன்றாகத்தான் வருகிறது. அப்படியானால்...?

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பன் பிரபுவுக்கு போன் போட்டேன்.

"போர்டு போயிருச்சு மாப்ள. அனுப்பி மாத்தி வர பத்து நாள் ஆவும்."

"மூணு மணிக்கு வேணும்டா."

"அப்ப சாமியக் கும்புடு" என்றான்.

டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் போட வேண்டியதுதானே என்பீர்கள். போட்டேனே! வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப் அந்த ஃபைலைத் திறக்கப் பார்த்தது, திணறியது, திரை கறுத்து அப்படியே நின்றுவிட்டது. படம் இன்னும் முழுதாக உருவாகவும் இல்லை. அதற்கு அந்தக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும், அந்தப் போர்டு வேண்டும்.

பெட்ஷீட்டை விரித்து எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பினேன். ரேமின் முனையை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்தேன். மாட்டினேன், கழற்றினேன். உள்ளங்கை வியர்வையில் ஸ்க்ரூ வழுக்கி வழுக்கி விழுந்தது. பதினொன்றரைக்கு போன் அடித்தது. மும்தாஜ் அக்கா.

"ஆயிடுச்சா தம்பி?"

"ஆயிட்டே இருக்குக்கா."

"ஜன்னலு?"

"இருக்குக்கா... உள்ள இருக்கு."

பொய்யில்லை. உள்ளேதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கை கயல் வந்தாள். அப்பா நாலு நாளாகக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு முறைக்குக் காத்திருக்கிறார். பருத்திக்குத் தண்ணீர் விடுவது, மோட்டாரோடு மல்லுக்கட்டுவது எல்லாம் இப்போது இவள் பொறுப்பு. டெஸ்டர் தேடி வந்தவள் பெட்ஷீட்டைப் பார்த்தாள்.

"என்னண்ணே, போஸ்ட்மார்ட்டமா?"

"போர்டு போயிருச்சு. பேசாமப் போ."

"ஸ்விட்ச்சப் பாத்தியா?"

"ஸ்விட்ச்சா? ஏய், இது என்ன மெஷின்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதுப்பா. எனக்குத் தெரிஞ்சது போர் மோட்டார்தான். அது ஓடலேன்னா எரநூறு அடிக்குக் கீழ கெடக்குற மோட்டாரையா மொதல்ல மேல தூக்குவோம்? ஸ்டார்ட்டரத் தாண்டி டைரக்டாக் குடுத்துப் பாப்போம்ல? பட்டன் போனா மோட்டார் என்ன பண்ணும், பாவம்!"

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். திறந்தபடியே நின்றேன்.

முன்பக்கப் பட்டனிலிருந்து போர்டுக்கு வருவது நூல் போன்ற ஒரு ஜோடி ஒயர். அது போர்டில் இரண்டு சின்ன ஊசிகளில் செருகப்பட்டிருக்கும். பட்டனை அழுத்தினால் அந்த இரண்டு ஊசியும் ஒரு கணம் தொட்டுக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அந்த இரண்டு ஊசிகளையும் சேர்த்துத் தொட்டேன்.

நாலு ஃபேனும் ஒன்றாகச் சுற்றின. கயல் டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நன்றி சொல்லக்கூட நேரம் தரவில்லை... சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

ஒயரைக் கையால் தொடர்ந்து போனேன். பெட்டியின் அடியில் அது இரண்டாக அறுந்து கிடந்தது. பக்கத்தில் கொஞ்சம் உமி.

எலி!

அறுவடை முடிந்தால் வயலில் இருக்கும் எலியெல்லாம் வீட்டுக்கு வரும். எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் இது தெரியும். அப்படியிருந்தும் விதைநெல் மூட்டை நான்கை அந்த அறையில் அடுக்கியவன் யார்? நான். 'ஏசி ரூம், ஈரம் ஏறாது' என்று அப்பாவுக்கு யோசனை சொன்னவனும் நான். காற்றோட்டத்துக்காக மெஷினின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்தவனும் நானே. அதற்கு முந்தின இரண்டு நாள் அப்பாவோடு நெல்லுக்குக் காவல் இருக்கப் போனேன். சாப்பாடு போட்டு, கதவையும் திறந்து வைத்துவிட்டுப் போனால் விருந்தாளி என்ன செய்வார்?

படித்தவர்களான நமக்கு இது ஒரு வியாதி. ஏதாவது கோளாறு என்றால் முதலில் விலை கூடியதைத்தான் சந்தேகப்படுகிறோம். சின்ன ஒயருக்கு அவ்வளவு மரியாதை தர மனம் வருவதில்லை.

ஒரு மணிக்குப் படம் உருவாக ஆரம்பித்தது. கரண்ட் போய்விடக்கூடாதே என்று சுவிட்ச் போர்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொண்ணூற்றெட்டு சதவீதம் ஆனபோது வாசலில் செருப்புச் சத்தம்.

பாரூக் பாய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மும்தாஜ் அக்கா உட்காரவில்லை. பாரூக் பாய் திரையில் கேட்டைத் தாண்டினார், ஹாலுக்குள் போனார். அடுப்படிக்குள் திரும்பினார். எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கேட்.

பாய் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"இந்த ஜன்னல் யாரு கேட்டது?"

"நான்தான்" என்றார் அக்கா.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாம என்ன? ஒரு வருசமாப் போன்ல சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். 'லைன் சரியில்ல புள்ள, அண்ணங்கிட்ட சொல்லு'ன்னு வச்சுருவீங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அங்கேயே அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, அடுப்படில தெருப் பக்கம் ஒரு ஜன்னல் வக்கணும்... இல்லண்ணே, கிரில் போட்டுக்கலாம்... இல்லண்ணே, நான் பாத்துட்டேன். வக்கணும்."

மும்தாஜ் அக்கா அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

நான் படத்தை மூடப் போனேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மறுபடி கேட்லேர்ந்து வாங்க. இனிமே ரெண்டு வருசம் கழிச்சுத்தான் பாப்பேன். கொஞ்சம் மெதுவா."

வேகத்துக்காகவே பார்த்துப் பார்த்துப் பூட்டிய மெஷினை அன்றுதான் முதன்முதலாக மெதுவாக ஓட்டினேன்.