இருமல் என்று நான் சொன்னது

என் மகனையும் ஒருமுறை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. குடித்துவிட்டு பைக் ஓட்டியிருந்தான், கழுதை. நான் பதறியடித்துப் போய்ப் பார்த்தால், ஸ்டேஷனில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். "டீச்சரம்மா பையனா? கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். போலீஸ் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

மகன் கனடா போனபின், காக்ஸ் டவுன் வீட்டு மாடியை காங்கோவிலிருந்து படிக்க வந்த பையனுக்கு விட்டேன். "போயும் போயும் கறுப்பனுக்கா?" என்று தெருவே கேட்டது. நாமெல்லாம் வெள்ளைக்காரர்களாக்கும்! ஞாயிற்றுக்கிழமை என் கையைப் பிடித்து சர்ச்சுக்குக் கூட்டிப்போவான். எங்கள் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, போதைப்பொருள் விசாரணை என்று இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். "ஆன்ட்டி, லஞ்சுக்கு வந்துடுவேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவர்களோடு போனான். மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தேன்.

சாயங்காலம், என் மகனை விட்டனுப்பிய அதே இன்ஸ்பெக்டர் வந்தார். "ஸ்டேஷன்ல மயங்கி விழுந்துட்டான்மா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. ஏற்கெனவே உடம்புக்கு ஏதாச்சும் இருந்துச்சா?"

"நாலு நாளா இருமல் சார். நான்தான் கஷாயம் வெச்சுக் குடுத்தேன்."

அந்த நேரத்திலும் என் கவனிப்பைச் சொல்லிக்கொள்ளும் பெருமை, பாருங்கள்! வீட்டுக்கு வந்த அதிகாரியாயிற்றே என்று காபி வேறு கொடுத்தேன். இந்த ஊர்ப் போலீஸ் வழக்கப்படி அவர் கன்னடத்தில் எழுதிய தாளில், படித்துப் பார்க்காமல் கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த வாரம் அவன் அம்மா போன் செய்தாள். கூட இருந்த யாரோ அவள் கேட்டதை ஆங்கிலத்தில் சொன்னார்கள்: "என் மகனுக்கு நாள்பட்ட நெஞ்சு நோய் இருந்ததாக நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களாமே?"

நான் இருமல் என்றுதானே சொன்னேன்! அன்றே ஸ்டேஷனுக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள். வாக்குமூலத்தைத் திருத்தச் சொன்னேன். "வயசாச்சும்மா, நீங்க சொன்னது உங்களுக்கே மறந்துபோச்சு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வயசு எனக்குத்தான் ஆச்சு. அவனுக்கு இருபத்திரண்டு!" என்று கத்திவிட்டு வந்தேன். எல்லாவற்றையும் எழுதி மாஜிஸ்திரேட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இன்னும் யாரும் கூப்பிடவில்லை. சர்ச் பெஞ்சில் இப்போது நான் மட்டும்தான்.

நேற்று மகன் போனில் சலித்துக்கொண்டான். "உனக்கெதுக்கும்மா இந்த வம்பு?"

"உனக்கு நாற்காலி போட்டாங்கடா. எனக்கும் போட்டாங்க. அவனுக்குப் போட்டிருப்பாங்களா, சொல்லு."