ஸ்டெல்லா டீச்சரின் இரண்டாவது பாத்திரம்

செய்தி வந்தபோது நான் சத்திரம் பேருந்து நிலையத்தில் புத்தூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கையில் கோதுமை மாவு டப்பா. சனிக்கிழமை என்றால் ஸ்ரீரங்கத்திலிருந்து அந்த டப்பாவோடு ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்குப் போவது என் வழக்கம். பள்ளி வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், அவர் காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று இருந்தது. மாவு டப்பாவோடு துக்க வீட்டுக்குப் போவதா என்று தயங்கினேன். பிறகு அதோடுதான் போனேன். அது இல்லாமல் அந்த வீட்டுப் படி ஏறி எனக்குப் பழக்கமில்லை.

அவரோடு வேலை பார்த்து, இன்று இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? அறிவியல் டீச்சர். வகுப்பில் கண்டிப்பு. ஸ்டாஃப் ரூமில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக். அந்தக் கேக்குகளைச் செய்த மெஷினைத்தான் உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். மிக்சி இல்லை, ஸ்டாண்ட் மிக்சர். சமையல் மேடையில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். தலைக்குக் கீழே பெரிய எவர்சில்வர் பாத்திரம், அதற்குள் சுற்றிச் சுற்றி மாவு பிசையும் ஒரு கொக்கி. துபாயில் இருந்த அவருடைய தம்பி கொண்டுவந்தது. நம் பள்ளியில் தலைமையாசிரியர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அது மட்டும் மாறவில்லை. ஒரே ஒரு தடவை உள்ளே கிரீஸ் மாற்றினார்கள், அவ்வளவுதான். “வாங்கினா இப்படி ஒண்ணு வாங்கணும் டீச்சர். இல்லேன்னா கையே போதும்” என்பார்.

எனக்குக் கை போதாமல் போனது. மணிக்கட்டு இரண்டிலும் மூட்டுவாதம். தில்லை நகர் டாக்டர், பிசைவதையும் பிழிவதையும் விட்டுவிடச் சொன்னார். சர்க்கரைக்காரரான என் கணவருக்கு ராத்திரி சப்பாத்தி. அதையாவது கடையில் வாங்கிச் சமாளிக்கலாம். ஸ்ரீஜயந்திக்கு என்ன செய்வது? கிருஷ்ணன் பிறந்த அந்த நாளில் முறுக்கும் தட்டையும் வீட்டில் செய்து அவனுக்குக் கண்டருளப் பண்ணுவதுதான், படைப்பதுதான், எங்கள் வழக்கம். கடை முறுக்கை வாங்கிப் பெருமாள் முன்னால் வைக்க எனக்கு மனசு வராது. மிக்சியோடு வந்த பிசையும் ஜாரைப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாளே புகைந்தது. ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிப் புலம்பினேன். ஸ்டெல்லா டீச்சர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, “சனிக்கிழமை மாவோட நம்ம வீட்டுக்கு வாங்க” என்றார்.

போனேன். மெஷினில் கேக் மாவு சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முட்டை ஓடுகள். நான் டப்பாவைத் திறக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். காபி கொடுத்தார். “இன்னிக்கு கேக் வேலை முடியாது போல இருக்கு டீச்சர். கொஞ்ச நாள் போகட்டும், நானே கூப்பிடறேன்” என்று அனுப்பிவைத்தார். இனி கூப்பிட மாட்டார் என்றே நினைத்தேன்.

மாதம் திரும்புவதற்குள் கூப்பிட்டார். மெஷினில் பளபளவென்று வேறொரு பாத்திரம் உட்கார்ந்திருந்தது, வேறொரு கொக்கியோடு. “இந்த மெஷினோட ரெண்டு செட் வந்துச்சு. ஒண்ணு பரண்ல கிடந்தது, இறக்கினேன். முட்டை பட்டதே இல்ல. இது உங்களுக்கு” என்றார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் மாவைக் கொட்டி, வேகக் குமிழைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டேன். மாவு கூரை வரை போயிற்று. டீச்சரின் தலை, கண்ணாடி, புருவம் எல்லாம் வெள்ளை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “கணக்கு டீச்சர், ஒண்ணுக்கு அப்புறம்தான் ரெண்டு. நேரா பத்துக்குப் போகக் கூடாது” என்றார். அந்த வருஷம் ஸ்ரீஜயந்தி முறுக்கு மாவும் அதில்தான் தயாரானது. “சாமிக்குப் போறது, நீங்களே போடுங்க” என்று சொல்லி, அவர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். மாவு காயும் முன் என் கணவர் ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டி என்னை வீட்டில் சேர்த்தார். பிழிந்ததும் அவரே. முறுக்கு கோணல்மாணலாக இருந்தது. இருந்தாலும் பெருமாள் முன்னால் வைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். நானும் ஒன்று வாங்கிவிடுகிறேன் என்று பல தடவை சொன்னேன். “எதுக்கு? ரெண்டு வீட்டுக்கு ஒண்ணு போதும். மாவை அது பார்த்துக்கும், நாம உட்கார்ந்து பேசலாம்” என்பார். பேசினோம். பிள்ளைகள், மாமியார்கள், கேட்டால் நீங்கள் கோபித்துக்கொள்ளும் அளவுக்கு உங்களைப் பற்றியும்.

போன வாரம் அவருடைய மகள் ஷீபா என்னைக் கூப்பிட்டாள். சமையலறையில் அந்தப் பாத்திரத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

“இது உங்களுது ஆன்ட்டி. அம்மா எங்களைக்கூடத் தொட விட்டதில்ல.”

“எனக்குன்னு ஒதுக்கி வெச்சாங்கம்மா. மெஷினோட ரெண்டு வந்துச்சுன்னு சொன்னாங்களே.”

“இல்லையே. ஒண்ணுதான் வந்துச்சு. இது அப்புறமா மாமாகிட்ட சொல்லி துபாய்லேர்ந்து வரவழைச்சது. வந்து சேர்ந்தப்பறம்தான் உங்களைக் கூப்பிட்டாங்க.”

“பரண்ல கிடந்ததுன்னு சொன்னாங்கம்மா.”

ஷீபா என்னைப் பார்த்தாள். “எங்க வீட்ல பரணே கிடையாதே ஆன்ட்டி.”

தலையைத் தூக்கிப் பார்த்தேன். நாலு பக்கமும் வெறும் சுவர். இத்தனை வருஷம் வாராவாரம் அந்தச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன், என் கண்ணில் படவில்லை. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஷீபாவும் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். நன்றி சொல்ல இடமே கொடுக்காமல் ஒரு காரியத்தைச் செய்துவிட்டுப் போய்விட்டார். அந்த நன்றியை உங்கள் எல்லோர் முன்னாலும் இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

பாத்திரத்தை ஷீபாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மெஷின் அங்கேதானே இருக்கிறது, சனிக்கிழமை மாவோடு வருகிறேன் என்றேன்.

“சரி ஆன்ட்டி. அதுவரைக்கும் இதை எங்க வைக்கட்டும்?”

“பரண்லயே இருக்கட்டும்மா” என்றேன்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த இல்லாத பரணைத்தான்.