காத்தமுத்துவின் இரட்டைக் கத்தி

வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தைச் சின்னதொரு எஃகு வளையத்துக்குள் நுழைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்க்கிறார் காத்தமுத்து. இரண்டு விரலால் ஓர் அழுத்து. ‘சரக்’. தொப்பி மட்டும் தனியே விழுகிறது. வெட்டிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்து, வெட்டு ஆழமாகப் போய் உள்ளே ஓட்டை தெரிகிறதா என்று பார்க்கிறார். தெரியவில்லை. அடுத்த காயை எடுக்கிறார்.

“சாம்பாருக்கு வாங்குன காய்க்குச் சவரம் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, ஐஸ் கம்பெனிய யாரு பாக்குறா?” என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறார் மனைவி குஞ்சம்மாள்.

“கம்பெனி தானா ஓடும். கை தானா பழகாது.”

அந்த வளையத்துக்குச் சுருட்டு வெட்டி என்று பெயர். காரைக்காலில் இதை வைத்திருக்கிறவர்கள் ரொம்பச் சொற்பம். வைத்திருந்தும் வெண்டைக்காயில் பயிற்சி எடுக்கிறவர் இவர் ஒருவர்தான்.

சாதாரண ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவர். கட்டுமரத்தில் போய், மீன்கூடை சுமந்து, பிறகு கோட்டுச்சேரி சாலையில் சொந்தமாக ஐஸ் கம்பெனி போட்டவர். இவர் ஐஸ் ஏறாமல் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போவதில்லை. அப்படி என்று அவரே சொல்லுவார், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

இப்பேர்ப்பட்டவரை ஒரே ஒரு சொல் சாய்த்துவிட்டது. மகள் ஜெயப்ரியாவைக் கட்டிக் கொடுத்த இடம் பாரிஸ். சம்பந்தி முத்துக்குமரன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்; ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். கல்யாணத்துக்கு வந்தபோது ஆசையாக ஒரு சிகாரை நீட்டினார். காத்தமுத்து தன் வழக்கப்படி நுனியை ‘நறுக்’கென்று கடித்துத் துப்பினார். துப்பியது நேராகப் போய்ச் சம்பந்தியின் பளபளக்கும் பூட்ஸ் மேல் உட்கார்ந்தது. சம்பந்தி சிரித்தார். “அங்கல்லாம் இப்படிக் கடிக்க மாட்டாங்க சம்பந்தி” என்றார். அவ்வளவுதான்.

“மாமா அத எப்பவோ மறந்துட்டாருப்பா” என்று மகள் போனில் சொல்லிப் பார்த்தாள்.

“அவரு மறக்கலாம். பூட்ஸ் அவருது. பல்லு என்னோடதுல்ல?”

புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கிய வெட்டி இது. கடைக்காரர் ஒற்றைக் கத்தி வைத்தது, இரட்டைக் கத்தி வைத்தது, கத்திரிக்கோல் மாதிரி ஒன்று என்று பரப்பி வைத்தாராம். காத்தமுத்து ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்து, கத்திகள் மூடும்போது நடுவில் இடுக்குத் தெரிகிறதா என்று பார்த்தார். காதருகே வைத்து மூடித் திறந்து சத்தம் கேட்டார். இரட்டைக் கத்தியை எடுத்துக்கொண்டார்.

காரணத்தைச் சந்தைமுனையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் மன்சூர் அலியிடம் விளக்கினார். “ஒத்தக் கத்தி ஒரு பக்கமா நெருக்கித் தள்ளும். அந்தப் பக்கத்து எல நசுங்கிப் பிஞ்சிடும். ரெட்டக் கத்தி ரெண்டு பக்கமும் ஓடியாந்து நடுவுல கை குலுக்கும். அதான் வெட்டு.”

“அதுசரி முதலாளி, நம்ம கடைச் சுருட்டுக்கு இது எதுக்கு? பாக்கு வெட்டிப் பாருங்களேன்” என்றார் மன்சூர் அலி. கோபித்துக்கொண்டு போன காத்தமுத்து, நாலு நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

கத்தி வந்தது, கை வரவில்லை. கல்யாணத்தின்போது சம்பந்தி கொடுத்துவிட்டுப் போன சிகார் பெட்டியில் முதல் சிகாரை ஆழமாக வெட்டிவிட்டார். தலைப்பக்கம் பசை போட்டு ஒட்டிய தொப்பி முழுக்கப் போய், மேல் இலை பாய் பிரிகிற மாதிரிப் பிரிந்தது. அடுத்ததை மெதுவாக அழுத்தினார், நசுங்கியது. அப்புறம்தான் வெண்டைக்காய்க்கு வந்தார். தொப்பி வளைகிற இடத்துக்கு மேலேயே நிறுத்த வேண்டும், யோசிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும் என்று கை கற்றுக்கொண்டது. அதுவரை குஞ்சம்மாள் வீட்டில் சாம்பார், பொரியல், புளிக்குழம்பு எல்லாம் வெண்டைக்காய்தான்.

பேரனுக்குக் காது குத்து வந்தது. பாரிஸிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள். விருந்து முடிந்ததும், “மேல வாங்க சம்பந்தி, காத்தாட உக்காருவோம்” என்று முத்துக்குமரன் மொட்டைமாடிக்கு அழைத்துப் போய்ப் பெட்டியைத் திறந்தார். தன் வெட்டியை அவர் நீட்டியபோது, காத்தமுத்து உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார்.

“இருக்கட்டும், நம்மகிட்டயே இருக்கு.”

சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நுழைத்தார். மட்டம் பார்த்தார். ‘சரக்’. அப்படியொரு வெட்டு அவருக்கு அதுவரை விழுந்ததில்லை. நிமிர்ந்து பார்த்தால், சம்பந்தி காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து தீக்குச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். பார்க்கவே இல்லை!

காத்தமுத்து தொண்டையைச் செருமினார். பயனில்லை. வேறு வழியில்லாமல் தன்னுடையதைப் பற்றவைத்தார். கிழக்கே கடலிலிருந்து ஒரு வீச்சு வந்தது. சம்பந்தியின் நெருப்பு மறுபடி அணைந்தது. காத்தமுத்துவின் கை அவரைக் கேட்கவில்லை. கட்டுமரத்தில் எத்தனையோ வருஷம் சுருட்டு நெருப்பைக் காற்றுக்குத் தப்ப வைத்தது போலவே, சிகாரைத் திருப்பி நெருப்பு முனையை வாய்க்குள் விட்டு உதட்டை மூடிக்கொண்டது.

“அப்பா!” என்று பல்லைக் கடித்தாள், காப்பித் தட்டோடு மேலே வந்த ஜெயப்ரியா.

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. முகம் கறுத்தது. கடித்ததற்கே அந்தச் சிரிப்பென்றால், இதற்கு என்ன சிரிப்பு வரப்போகிறதோ! சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார். அணைந்த சிகாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பக்கத்தில் வந்தார். காத்தமுத்துவின் வாய்க்கு வெளியே, எல்லோரும் பார்க்கும்படி நீட்டிக்கொண்டிருந்தது வெட்டிய முனை. கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு அதை உற்றுப் பார்த்தார்.

“யாரு வெட்டுனது இது? நீங்களா சம்பந்தி? ஒரு நாரு கூடப் பிரியலியே! எனக்கே இப்படி விழாது.”

வாய் நிறைய நெருப்பு. வெட்டு இன்னும் நன்றாகத் தெரியும்படி, காத்தமுத்து தாடையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கொடுத்தார்.